எந்த ஊர், யார் வீட்டுக்கு?

சதுரங்கப்பட்டினத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் கேட்ட முதல் கேள்வி சரித்திரத்தைப் பற்றியதல்ல. காப்பி எங்கே கிடைக்கும் என்பதுதான். மரத்தடியில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் கையை நிறுத்தாமலே, "சாருக்கு எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "யார் வூட்டுக்கு?" யார் வீட்டுக்கும் இல்லை, கோட்டையைப் பார்க்க வந்தேன் என்றேன். "தனியாவா?" என்று அதையும் விசாரித்துத் திருப்தி அடைந்த பிறகே கடையைக் காட்டினார். கடை எங்களுக்கு நேர் எதிரே இருந்தது.

பட்டணத்திலிருந்து வருகிறவர்களுக்கு இந்த எதிர்க்கேள்விகள் எரிச்சலூட்டும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்கிறவன் யார், எதற்காகக் கேட்கிறான் என்று தெரிந்துகொண்டு பதில் சொல்வது கெட்டிக்காரத்தனம். அதிலும் இந்தக் கடற்கரைக்குக் கேள்வியோடு வந்திறங்கியவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. துணி என்ன விலை என்று கேட்டுக்கொண்டு வந்த ஒல்லாந்தர் கோட்டை கட்டி, கிடங்கு கட்டி, கடைசியில் தங்கள் கல்லறைகளையும் இங்கேயே கட்டிக்கொண்டார்கள். 1781-ல் இங்கிலீஷ்காரர் கோட்டையைப் பிடித்தார்கள். ஊர் அடியோடு அவர்கள் வசமானது 1825-ல்.

அந்த நாளில் சதுரங்கப்பட்டினத்தின் பெயர் எவ்வளவு பிரசித்தம் என்பதற்கு ஒரு வேடிக்கையான அத்தாட்சி உண்டு. வில்லியம் சேம்பர்ஸ் என்ற இங்கிலீஷ்காரர் மாமல்லபுரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1784-ல் கல்கத்தா ஆசியாடிக் சங்கத்தில் வாசிக்கப்பட்டு, 1788-ல் அச்சேறியது. மாமல்லபுரம் எங்கே இருக்கிறது என்று வாசகர்களுக்குத் தெரியாதல்லவா? ஆகையால் சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே சில மைல் தூரத்தில் உள்ள இடம் என்று தலைப்பிலேயே அடையாளம் சொன்னார். இன்று நாம் அதைத் திருப்பிப் போட்டுத்தான் சதுரங்கப்பட்டினத்துக்கு வழி சொல்கிறோம்.

சேம்பர்ஸ் அங்கே போனது 1772-லும் 1776-லும். கட்டுரை எழுதும் உத்தேசம் அப்போது இல்லை. எழுதியது பிற்பாடு, ஞாபகத்திலிருந்து. அதில் ஒரு சின்னப் பகுதி உலகத்தைச் சுற்றிவிட்டது. கடலுக்குள் வெகுதூரத்தில் பல கோயில்களின் சிகரங்கள் தெரிந்ததை ஊரில் வயதானவர்கள் பார்த்திருக்கிறார்களாம். சிகரங்களுக்குச் செப்புத் தகடு வேய்ந்திருந்ததாம். சூரியன் உதிக்கும்போது பளபளக்குமாம். இப்போது களிம்பு ஏறிவிட்டதால் மின்னுவதில்லையாம். ஊர்க்காரர்கள் அவரிடம் சொன்ன பதில் இது.

சொன்னவர் பெயர் கட்டுரையில் இல்லை. நடுவே நின்று மொழிபெயர்த்த துபாஷி ஒருவர் இருந்திருந்தால் அவர் பெயரும் இல்லை. நான் கதை எழுதுகிறவன் என்பதால் அந்தக் காட்சியைக் கற்பனை செய்து பார்க்கிறேன். மாலுமிகள் இந்த இடத்தை 'ஏழு கோயில்' என்று சொல்வது வழக்கம். அலைவாய்க்கரையில் நிற்பது ஒன்று. மற்றவை எங்கே என்று எவனுக்கும் கேட்கத் தோன்றும். வெயிலில் வேர்த்து நிற்கும் வெள்ளைக்காரரைப் பார்த்தவர், எந்த ஊர், யார் வீட்டுக்கு என்று கேட்டுப் பார்த்திருப்பார். பாஷை புரிந்திராது. பெரியவர்கள் சொல்லக் கேட்டதைச் சொல்லி அனுப்பினார். 'நான் பார்த்தேன்' என்று சொல்லாமல், 'வயசானவங்க பார்த்திருக்காங்க' என்று சொன்னாரே, அந்த ஜாக்கிரதையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அந்தப் பதில் பிறகு கப்பல் ஏறியது. இங்கிலாந்தில் ராபர்ட் சதே என்ற கவி, 1810-ல் வெளியிட்ட ஒரு நீண்ட காவியத்தில் கடலில் மூழ்கிய மகாபலியின் நகரத்தை அதிலிருந்து கட்டி எழுப்பினார். 2002-ல் கோவாவிலுள்ள தேசியக் கடலாராய்ச்சி நிலையத்தாரும் இங்கிலீஷ் முக்குளிப்பாளர்களும் அதே கடலில் இறங்கி, ஐந்து முதல் எட்டு மீட்டர் ஆழத்தில் கட்டுமானக் கற்களைக் கண்டார்கள். செப்புத் தகடு அகப்படவில்லை.

மாமல்லபுரத்தில் இன்னும் சில பதில்கள் கல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. 'இது என்ன?' என்று யாரோ கேட்டார்கள். 'கிருஷ்ணனுடைய வெண்ணெய் உருண்டை' என்றார் ஒருவர். 'இது தருமராஜா ரதம், அது பீமன் ரதம்' என்றார் இன்னொருவர். பாண்டவர்களுக்கும் அந்த ரதங்களுக்கும் சம்பந்தமில்லை என்று சரித்திர ஆசிரியர்கள் சொல்லி எத்தனையோ காலமாயிற்று. தருமராஜா ரதத்திலேயே 'அத்யந்தகாம பல்லவேசுவரம்' என்று பெயர் செதுக்கியிருக்கிறது. பெஞ்சமின் பாபிங்டன் 1830-ல் அங்குள்ள சாசனங்களை வெளியிடும் வரையில், ஊரார் தினம் பார்த்த அந்த எழுத்து ஊராருக்கே வாசிக்கத் தெரியாத எழுத்து. தெரியாது என்று சொல்லி வந்தவரைத் திருப்பி அனுப்ப மனம் வராமல் ஒரு பெயர் சொன்னார்கள். அரசாங்கப் பலகையிலும் அதுதான் இன்று இருக்கிறது.

கேட்டதெல்லாம் இப்படி வேடிக்கையாக முடியவில்லை. 1763-ல் ஆற்காட்டு நவாப் முகமதலி செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கையில் வந்த சொத்து என்னவென்று கம்பெனிக்குத் தெரியவில்லை. 1767 முதல் 1774 வரையில் தாமஸ் பர்னார்டு என்ற எஞ்சினியர் ஏறக்குறைய 2,000 கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். கேள்விகள் மிகச் சாதாரணமானவை. வீடு எத்தனை, எந்தத் தொழிலாளர் வீடு? ஏரி எத்தனை, தோப்பு எத்தனை, கோயில் எத்தனை? களத்தில் நெல்லை அளக்கும்போது தச்சனுக்கு எவ்வளவு, குயவனுக்கு எவ்வளவு, நாவிதனுக்கு எவ்வளவு? கிராமத்துக் கணக்கர்கள் தமிழில் ஓலையில் எழுதிக் கொடுத்தார்கள்.

எதற்காகக் கேட்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? வீட்டை எண்ணுகிறவன் வரிக்குத்தான் எண்ணுகிறான். பிற்பாடு 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அந்தச் சீமையில் வரியை உயர்த்தியதையும், மிராசுதார்களுடன் மல்லுக்கட்டியதையும் பார்க்கும்போது, பதில் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்றுகூட நினைக்கத் தோன்றுகிறது.

ஆனால் அதற்கு முன்பே வேறொன்று நடந்துவிட்டது. 1780-ல் ஹைதர் அலியின் குதிரைப் படை அந்தச் சீமைக்குள் புகுந்தது. ஊர்கள் எரிந்தன, ஜனங்கள் ஓடினார்கள், பஞ்சமும் வந்தது. பல கிராமங்கள் மேடாய்ப் போயின. அவை முன்பு எப்படி இருந்தன, களத்துமேட்டில் யார் யார் பங்குக்கு நின்றார்கள் என்பதற்கு அந்த அற்பக் கேள்விகளின் பதில்தான் மிஞ்சியது. 1960-களில் தரம்பால் அந்தக் கணக்குகளின் அருமையை எடுத்துச் சொன்னார். இந்த விஷயத்தில் யார் பக்கம் பேசுவதென்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

மிராசு பாத்தியதையைப் பற்றிச் சென்னை அரசாங்கம் பதினேழு கேள்விகள் கேட்டு, அதற்கு எல்லிஸ் துரை எழுதிய விடைகள் 1818-ல் அச்சாயின. அவருக்குத் துணை நின்ற சங்கரய்யாவின் பெயர் நமக்குத் தெரியும். மெக்கன்சியின் உதவியாளராயிருந்து 1803-ல் மாமல்லபுரத்தை வர்ணித்து எழுதிய காவலி லட்சுமய்யாவின் பெயரும் தெரியும். சர்க்கார் சம்பளம் வாங்கியவர்கள். செப்புத் தகட்டைப் பற்றிச் சொன்னவருக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்?

கோட்டையைச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது பெரியவர் அதே இடத்தில் இருந்தார். வலையில் பாதி முடிந்திருந்தது.

"கல்லறையெல்லாம் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் பெரியவரே."

"அந்தக் கல்லுங்களிலே என்னா எழுதியிருக்குது? சின்னப் புள்ளையிலேருந்து பார்க்கிறேன். வரவங்க யாரும் சொன்னதில்லே."

எனக்கு ஒல்லாந்து பாஷை தெரியாது. வருஷங்களை மட்டும்தான் என்னால் வாசிக்க முடிந்தது. பெயர் இருக்கும், பிறந்த ஊர் இருக்கும், செத்த தேதி இருக்கும் என்றேன்.

"எந்த ஊராம்?"

கடலுக்கு அப்பால் என்று கையைக் காட்டினேன். அவரும் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு, நான் கேட்காமலே, "செங்கல்பட்டு பஸ்ஸு நாலரைக்கு. கடைக்கு முன்னாடி நிக்காதீங்க, அங்கே நிறுத்த மாட்டான். கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்க" என்றார்.