மெக் ஒயிட்டுக்கு டிரம்ஸ் வாசிக்கத் தெரியுமா?

2007 ஜூலை 16. கனடாவின் கிழக்குக் கோடியில், நியூஃபவுண்ட்லாந்தின் செயிண்ட் ஜான்ஸ் நகரம். மேடைக்கு முன்னால் கூட்டம் நெருக்கியடித்து நிற்கிறது. இருவர் வருகிறார்கள். கிட்டாரில் ஒரே ஒரு சுரம், அதோடு சேர்ந்து டிரம்ஸில் ஒரே ஒரு அடி. அவ்வளவுதான், கச்சேரி முடிந்தது! (முழுக் கச்சேரி அன்று இரவு வேறிடத்தில் நடந்தது. யாரும் ஏமாறவில்லை.)

அந்த இருவர்தான் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்: கிட்டாரும் பாட்டும் ஜாக் ஒயிட், டிரம்ஸ் மெக் ஒயிட். பெயர் தெரியாவிட்டாலும் அவர்களுடைய ஒரு மெட்டு உங்களுக்குத் தெரியும். உதைபந்தாட்ட மைதானங்களில் சொல்லே இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து முழங்குவார்களே, அதுதான்.

ஜாக்கின் சொந்தப் பெயர் ஜான் கில்லிஸ். டெட்ராய்ட்டில் பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி. இசைக்கு முன் அவர் செய்தது பழைய சோபாக்களுக்குத் துணி மாற்றும் வேலை. ஒருநாள் சோபாத் துணி ஒன்று வெறும் மூன்று பின்களில் நிற்பதைக் கவனித்தாராம். மூன்றுக்குக் குறைந்தால் நிற்காது, அதற்கு மேல் தேவையில்லை. அன்றிலிருந்து அவருக்கு எல்லாமே மூன்று: குரல், கிட்டார், டிரம்ஸ், சிவப்பு, வெள்ளை, கறுப்பு.

1996இல் மெக்கைத் திருமணம் செய்து, மனைவியின் குடும்பப் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டார். (இதை நம் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.) அடுத்த வருடம் மெக் சும்மா டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்து அடித்துப் பார்த்தார். முறையாகப் பழகாத கை. குழந்தை அடிப்பதுபோன்ற அந்த எளிமைதான் ஜாக்கைப் பிடித்து நிறுத்தியது. 1997 ஜூலை 14 அன்று டெட்ராய்ட்டின் கோல்ட் டாலர் என்ற மதுக்கூடத்தில் முதல் கச்சேரி.

2000இல் விவாகரத்து. ஆனாலும் குழு உடையவில்லை. தாங்கள் அக்கா தம்பி என்றே உலகத்துக்குச் சொன்னார்கள், பத்திரிகைகள் திருமணச் சான்றிதழைத் தேடிப்பிடித்து அச்சிட்ட பிறகும். கணவன் மனைவி என்றால் எல்லோரும் உறவைத்தான் பார்ப்பார்கள், பாட்டைக் கேட்கமாட்டார்கள் என்று ஜாக் பிற்பாடு காரணம் சொன்னார். பொய் பொய்தான். ஆனால் அந்தப் பயம் எனக்குப் புரிகிறது.

2002இல் லண்டனின் டோ ராக் ஸ்டூடியோவில், கணினியே தொடாமல், பழைய கருவிகளை வைத்து 'எலிஃபண்ட்' ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். 2003இல் வெளிவந்த அதன் முதல் பாட்டு 'செவன் நேஷன் ஆர்மி'. பேஸ் கிட்டார்போல் ஒலிக்கும் அந்த மெட்டில் பேஸ் கிட்டாரே இல்லை. சாதாரணக் கிட்டாரின் ஒலியை ஒரு பெடலால் கீழே இறக்கியிருக்கிறார் ஜாக். அதன் கீழே மெக் போடுவது சீரான ஒற்றை அடிகள் மட்டுமே. அதே வருடம் அக்டோபரில் மிலானுக்கு ஆட்டம் பார்க்கப் போன பெல்ஜியத்தின் கிளப் ப்ரூக் ரசிகர்கள் அதைக் கோஷமாக்கினார்கள். 2006 உலகக் கோப்பையில் இத்தாலி முழுக்க அதைப் பாடியது. எந்தப் பயிற்சியும் இல்லாத ஒரு கூட்டம் கைதட்டிக்கொண்டே உள்ளே நுழைய முடிகிறதென்றால், அந்தத் தாளம் விட்டுவைத்த இடம்தான் காரணம் என்பேன்.

ஆனாலும் "மெக்குக்கு வாசிக்கத் தெரியாது" என்ற கேலி ஓயவே இல்லை. மிருதங்க அரங்கேற்றங்களுக்குப் போய் வளர்ந்தவர்கள் நாம். வேகமும் கணக்கும்தான் திறமை என்று நானும் நினைத்திருந்தேன், மெக்கின் அடிகள் இல்லாமல் ஜாக் தனியாக வாசிப்பதைக் கேட்கும்வரை. அருமையாகத்தான் வாசிக்கிறார். ஆனால் அவர் எவ்வளவு தூரம் பாய்ந்தாலும் திரும்பிவர ஒரு தரை இருந்ததே, அது இல்லை.

2007 கோடையில் கனடாவின் எல்லா மாகாணங்களிலும் பிரதேசங்களிலும் வாசித்தார்கள். விண்ணிபெக்கில் பஸ்ஸுக்குள், இக்கலூயிட்டில் இனுயிட் முதியவர்கள் முன்னால்! ஜூலை 31 அன்று அமெரிக்காவில் நடந்ததே கடைசிக் கச்சேரி. செப்டம்பரில், மெக்குக்குக் கடுமையான மனப்பதற்றம் என்று அறிவித்து மீதிப் பயணத்தை ரத்துச் செய்தார்கள். 2011 பிப்ரவரியில் குழுவையே முடித்துக்கொண்டார்கள்.

2023இல்கூட ஒரு பத்திரிகையாளர் மெக்கின் வாசிப்பைச் சமூக ஊடகத்தில் மட்டம் தட்டினார். உலகின் பெரிய டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவரான குவெஸ்ட்லவ் உட்படப் பலர் எதிர்த்து எழுத, அவர் மன்னிப்புக் கேட்டார். மெக் ஒரு வார்த்தையும் பேசவில்லை. 2025 நவம்பரில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இருவரையும் சேர்த்துக்கொண்டபோதும் மெக் வரவில்லை. மேடையில் ஜாக் மட்டும் நின்று இருவருக்குமாகப் பேசினார்.