குருந்தம்: சொல் காட்டிய பிறப்பிடம்

சந்திரயான்-2 இறங்குகலத்தைச் சோதிப்பதற்காகப் பெங்களூரில் நிலவுத் தரையை ஒத்த செயற்கை மண் பயன்படுத்தப்பட்டது. அதற்குரிய பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டது. செய்முறைக்கு 2020இல் காப்புரிமை கிடைத்தது. அனார்த்தோசைட் எனப்படும் இப்பாறையின் முதன்மைக் கனிமம் அனார்த்தைட் ஆகும். இக்கனிமம் இருநூறாண்டுகட்கு முன்னரே, அடையாளம் அறியப்படாத மாதிரியாக இலண்டனை அடைந்திருந்தது.

அது தனியே சென்றதன்று. குருந்தக்கல் ஒட்டியிருந்த தாய்ப்பாறையாகவே சென்றது. குருந்தப் பொடியை அரக்குடன் சேர்த்துச் சாணை செய்வது நம் கல்வினைஞர் வழக்கம். ஐரோப்பியர் முதலில் இக்கல்லை 'அடமன்டைன் ஸ்பார்' என்றனர். 1798இல் சார்லஸ் கிரெவில் வெளியிட்ட கட்டுரை 'கொரண்டம்' என்னும் நாட்டுப் பெயரை நிலைநிறுத்தியது. 1802இல் பூர்னோன் பிரபு, படிக வடிவம், கடினம், அடர்த்தி ஆகியவற்றை ஒப்பிட்டு, மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் வகைகளே என விளக்கினார். தமிழில் சாணைக்கல் குருந்தம். மாணிக்கவகை ஒன்று குருவிந்தம். இவ்வொற்றுமை கருதத்தக்கதே. எனினும் இதனை மட்டும் கொண்டு, நம் முன்னோர் இவ்விரண்டும் ஒரே பொருள் என அறிந்திருந்தனர் எனத் துணிதல் பொருந்தாது.

தாய்ப்பாறையிலிருந்த வெண்ணிறப் பொருளையும் பூர்னோன் தனியே விவரித்தார். அது பின்னர் 'இந்தியனைட்' எனப் பெயர் பெற்றது. பிறப்பிடமாகக் குறிக்கப்பட்டது 'கர்நாடிக்' என்பதே. மொழிபெயர்ப்பாளர் இடறும் இடம் இது. அக்காலத்தில் அச்சொல் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி உள்ளிட்ட கீழைச் சமவெளியைச் சுட்டியது. அதனைக் 'கர்நாடகம்' என்று பெயர்த்தால் மாதிரி மைசூர்ப் பக்கம் போய்விடும். மைசூர்ப் பகுதியிலும் குருந்தம் கிடைப்பதால் பிழை எளிதில் புலப்படாது. கிரெவில் கட்டுரையில் காணும் 'பெர்மெட்டி' என்னும் ஊர்ப்பெயர் ஐயத்தை நீக்குகிறது. அது பரமத்தியே; சித்தம்பூண்டியும் அவ்வட்டாரத்ததே.

1823இல் குஸ்டாவ் ரோஸ், வெசூவியஸ் பகுதி மாதிரிகளைக் கொண்டு ஒரு கனிமத்திற்கு அனார்த்தைட் எனப் பெயரிட்டார். 'நேரல்லாதது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லாக்கம் அது. பிளவுத்தளங்கள் செங்கோணத்தில் அமையாமையைக் குறிப்பது. இந்தியனைட்டும் அதுவே எனத் தெளிந்தபோது இந்தியப் பெயர் வழக்கொழிந்தது. 1956இல் ஏ. பி. சுப்பிரமணியம் சித்தம்பூண்டிப் பாறைத்தொகுதியை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்.

இந்தியனைட் மறைந்தது, குருந்தம் உலகச் சொல்லாயிற்று. அதனை ஆங்கிலவழி மீட்டெடுத்துக் 'கொரண்டம்' என எழுதுவது தமிழுக்கு வேண்டாத சுற்றுவழி.