பிள்ளையை யார் பார்த்தது?

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. குடவோலை, சோழர் காலத்து ஜனநாயகம், உலகத்துக்கே முன்னோடி என்று பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்து நாடாளுமன்றம் வரைக்கும் பேசிவிட்டார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டு அது. வாரியத்துக்கு வருகிறவனுக்கு என்ன தகுதி வேண்டும் என்று அதில் விவரமாக எழுதியிருக்கிறது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் தெரிந்தவனாக இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். அதாவது நிலம் குறைந்தால் படிப்பால் ஈடுகட்டலாம். யார் ஈடுகட்டலாம்? அக்கிரகாரத்து ஆம்பிளை. சேரிக்காரனுக்கு அந்தக் கணக்கில் நிலமும் கிடையாது, படிப்பும் கிடையாது. பெண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை.

எங்கள் காவாந்தண்டலம் அந்த உத்திரமேரூர் வட்டத்து ஊர்தான். ஆயிரத்து நூறு வருஷத்துக்குப் பிறகு எங்கள் காலனியிலிருந்து பெண்கள் எம்.ஏ. படிக்கிறோம். கல்வெட்டைப் படித்துப் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வேதத்தையும் பாஷ்யத்தையும் உட்கார்ந்து படித்தானே, அத்தனை வருஷமும் அவன் பிள்ளையை யார் பார்த்தது? சோறு யார் ஆக்கினது? அவன் கழனியில் யார் இறங்கினது? கல்லில் அது இல்லை. படிப்பின் வரலாற்றை எழுதுகிற யாரும் அதை எழுதுவதில்லை. பட்டம், வருஷம், ஆய்வேட்டின் தலைப்பு, அவ்வளவுதான்.

நம் வரலாற்றிலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். நமக்கெல்லாம் தெரிந்த ஒரு படிப்பை எடுத்துக்கொள்வோம்.

பாபாசாகேப் அம்பேத்கரின் மூத்த மகன் யஷ்வந்த் பிறந்தது 1912 டிசம்பரில். 1913 பிப்ரவரியில் அப்பா ராம்ஜி இறந்துபோனார். அந்த ஜூனில் பரோடா சமஸ்தானத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிறது: மூன்று வருஷத்துக்கு மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகை, திரும்பி வந்து பத்து வருஷம் சமஸ்தானத்தில் வேலை. ஜூலையில் அவர் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அப்போது பையனுக்கு ஏழு மாசம். தவழ ஆரம்பிக்கிற வயது.

ரமாபாய்க்கு அப்போது பதினைந்து வயது இருக்கலாம். தாபோல் துறைமுகத்தில் மீன்கூடை சுமந்தவரின் மகள். சின்ன வயதிலேயே தாயும் தகப்பனும் போய், உறவுக்காரர்கள் வளர்த்த பெண். பம்பாய் பைக்குலா சந்தையில், ராத்திரி வியாபாரம் முடிந்த பிறகு நடந்த கல்யாணம் அது. அந்தப் பெண்தான் கைக்குழந்தையோடு பரேல் குடியிருப்பில் நின்றாள். சாணி பொறுக்கி, வறட்டி தட்டி விற்றுக் குடும்பத்தை ஓட்டினாள் என்று மராட்டிய மக்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

1915இல் கொலம்பியாவில் எம்.ஏ. முடிந்தது. 1916 மே 9ஆம் தேதி, மானிடவியல் பேராசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை அவர் வாசித்தார். சாதி என்பது அகமணத்தால் கட்டிய வேலி. உடன்கட்டை, கைம்மை, குழந்தை மணம் எல்லாம் அந்த வேலியைக் காக்கப் பெண்ணின் மேல் சுமத்தினவை என்று அதில் நிறுவினார். பெண்ணைப் பூட்டி வைத்துத்தான் சாதி நிற்கிறது என்று அத்தனை தெளிவாக அதற்கு முன் யாரும் சொல்லவில்லை என்பேன். அவருக்கு அப்போது 25 வயது. அதை அவர் வாசித்த அன்று பம்பாயில் யஷ்வந்துக்கு மூன்று வயதும் ஐந்து மாசமும். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ரமாபாய் பெயர் கிடையாது, இருக்கவும் இருக்காது. ஆனால் அந்தக் கட்டுரை எழுதிய நேரம் எங்கிருந்து வந்தது? உதவித்தொகை பரோடா கொடுத்தது. நேரம் ரமாபாய் கொடுத்தது.

அங்கிருந்து லண்டன். பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்துபோனதால் பாதியில் திரும்பி 1917 ஆகஸ்டில் பம்பாயில் இறங்கினார். அவருடைய புத்தகங்களை ஏற்றிவந்த கப்பலைப் போரில் குண்டு போட்டு மூழ்கடித்துவிட்டார்கள். இதை எல்லா வரலாற்று நூலும் எழுதும், எழுத வேண்டியதுதான். யஷ்வந்துக்கு அப்போது நாலு வயதும் எட்டு மாசமும் ஆகியிருந்தது. தவழ்ந்தது, தளர்நடை போட்டது, முதல் வார்த்தை பேசினது எல்லாம் அதற்குள் முடிந்திருந்தன. திரும்பவும் 1920இல் லண்டன் போனார். 1921இல் எம்.எஸ்ஸி., பிறகு ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்வு, பாரிஸ்டர், 1923இல் டி.எஸ்ஸி. எத்தனை பட்டம்! அந்த வீட்டில் ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். யஷ்வந்த் ஒருவர்தான் நிலைத்தார். மூன்று ஆண், ஒரு பெண் என நாலு பேர் போய்விட்டார்கள். கடைசிப் பிள்ளை ராஜரத்னா 1926 ஜூலையில் இறந்தபோது, நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. முழுசாகப் படிக்க முடியாது, அழுகை வந்துவிடும்.

பாபாசாகேபைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறேன் என்று யாராவது கிளம்பினால் அவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அவர் அந்தப் பட்டங்களை வாங்கியிருக்காவிட்டால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். நான் கேட்பது கணக்கு. ஒரு தலித் உயர்கல்வி கற்க எவ்வளவு ஆகும் என்ற கணக்கில் ரமாபாயின் பத்து வருஷத்தை எந்தப் பத்தியில் எழுதுவது? ரூபாயைப் பற்றிய நூலைத் தாய் தகப்பன் நினைவுக்கு அவர் படைத்தார். ரமாபாய் பெயரில் ஒரு புத்தகம் வந்தது பாகிஸ்தான் பற்றிய நூல்தான், 1940இல். அதைப் பார்க்க அவள் இல்லை. 1935 மே 27இல் போய்விட்டாள்.

இந்தக் கடனை அவர் மறக்கவில்லை என்பதற்கு எனக்குப் பெரிய சாட்சி அந்தச் சமர்ப்பணப் பக்கம் அல்ல. 1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதா வந்தது. ராஜரத்னா இறந்து இரண்டே வருஷம். மசோதாவை ஆதரித்து அவர் பேசினார். தாய்க்குப் பேறுகாலத்தில் ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நல்லது, அந்தச் செலவில் பெரும்பங்கு அரசாங்கத்துக்கு உரியது, பெண்ணின் உழைப்பால் லாபம் பெறுகிற முதலாளியும் தாங்கத்தான் வேண்டும் என்பது அவர் வாதம். பிள்ளை பெறுவது அவளவள் வீட்டுச் சமாச்சாரம் என்று ஆலை முதலாளிகள் சொல்லிக்கொண்டிருந்த காலம். 1929இல் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே முதல் பேறுகாலச் சட்டம் அதுதான். 1961இல் நாடு முழுக்க ஒன்று வந்தது, 2017இல் 26 வாரமாகக் கூட்டினார்கள், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றார்கள். எல்லாம் சம்பளக்காரிக்கு. படிக்கிறவள் தொழிலாளி இல்லை, அதனால் அவளுக்கு அதில் எதுவும் இல்லை. கழனியில் களையெடுக்கிறவள் தொழிலாளிதான், அவளுக்கும் இல்லை.

கழனியைச் சொன்னதால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதலில் படித்தவர்கள் எம்.ஏ. மாணவிகள் இல்லை. ரெண்டாவது, மூணாவது படித்த அக்காக்கள். அம்மா நடவுக்குப் போனால் வரப்போர மரத்தில் ஏணை கட்டுவாள். கொஞ்சம் வளர்ந்து ஏணையில் நிற்காத பிள்ளை எட்டு வயது அக்கா இடுப்புக்கு வந்துவிடும். அவள் அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். பிள்ளை அழுதால் வாத்தியார் 'வெளியே போ' என்பார். வெளியே போனவள் போனவள்தான். எங்க ஆயா அப்படிப் போனவள். "தம்பிய எறக்கிவுட எடமில்ல, அதான் படிப்ப எறக்கிவுட்டேன்" என்பாள், சிரித்துக்கொண்டே. 1975 அக்டோபர் 2இல் தொடங்கின ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982இல் பால்வாடிப் பிள்ளைக்கும் சேர்த்துப் போட்ட சத்துணவும் அந்த அக்காக்களின் இடுப்பைக் கொஞ்சம் விடுவித்தன. சோறு போட்டதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அக்காவைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பினதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கல்லூரிப் படிப்பைத் தொட்ட முதல் தலைமுறைப் பெண்கள் பலர் பிள்ளைக்கு முன்பே படிப்பை முடித்தவர்கள். தாட்சாயணி வேலாயுதன் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் 1935இல் பி.எஸ்ஸி. முடித்து, ஆசிரியப் பயிற்சியும் பெற்று, 1940இல் கல்யாணம் செய்துகொண்டார். அரசியல் நிர்ணய சபையில் இருந்த ஒரே தலித் பெண் அவர்தான். எங்கள் பக்கத்து வழக்கம் அதற்கு நேர் எதிர். பி.ஏ. முடிக்குமுன் மாப்பிள்ளை வந்துவிடுகிறான், எம்.ஏ. சேரும்போது வயிற்றில் பிள்ளை.

நான் எம்.ஏ. படித்தபோது என் பிள்ளைக்கு ஒரு வயசு. காலையில் ஏழு மணி பஸ். அதற்கு முன்னால் பால் கட்டி மார் கனத்துக் கிடக்கும், பிள்ளை எழுந்திருக்காது. எழுப்பிக் கொடுத்தால் பஸ் போய்விடும். மத்தியானம் சங்க இலக்கிய வகுப்பில் ரவிக்கை நனைந்து, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட வாரம் அட்டெண்டன்ஸ் குறைந்தது. துறையில் ஒருவர், பெயர் வேண்டாம், எல்லார் முன்னாலும் சொன்னார்: "புள்ள பெத்துக்கிட்டவங்களுக்கு எதுக்கும்மா எம்.ஏ.?" கண்டனேஷன் பணம் கட்டச் சொன்னார்கள். மாமியார் நடவுக்கூலியில் அதைக் கட்டினேன். என் வீட்டுக்காரர் நல்லவர்தான். புத்தகம் வாங்கித் தருவார், கூட்டத்துக்கு அனுப்புவார். பிள்ளைக்குக் கால் கழுவிவிடுவது மட்டும் அவர் கையில் வராது. நம் இயக்கத் தோழர்கள் பலர் வீட்டுக் கதையும் இதுதான். படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

2016இல் பல்கலைக்கழக மானியக் குழு எம்.பில்., பிஎச்.டி. விதிகளில் ஒன்றைச் சேர்த்தது: பெண் ஆய்வாளருக்குப் படிப்புக் காலத்தில் ஒரு முறை 240 நாள் வரை பேறுகால, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு. 2022 விதியிலும் அது இருக்கிறது. ஆனால் அதே 2022 விதியோடு எம்.பில். போய்விட்டது. ஒரு வருஷத்தில் முடித்துக்கொண்டு வேலை தேடலாம் என்றிருந்த எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு படிக்கட்டாக இருந்தது. இளங்கலை, முதுகலை மாணவிகளுக்கும் பேறுகால விடுப்புக்கும் வருகைப் பதிவுச் சலுகைக்கும் விதி செய்யுங்கள் என்று 2021 டிசம்பரில் மானியக் குழு கல்வி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. கடிதம்தான். உங்கள் கல்லூரி அலுவலகத்தில் போய் அந்த விதி எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.

இதில் எங்கேயும் பிள்ளையை விட்டுப்போக ஓர் இடம் இல்லை. 2005இன் நூறுநாள் வேலைச் சட்டத்திலேயே ஒரு ஏற்பாடு எழுதியிருந்தார்கள்: வேலை நடக்கிற இடத்தில் ஆறு வயதுக்குக் கீழ் ஐந்து பிள்ளைகள் இருந்தால், அங்கே வேலை செய்கிற பெண்களில் ஒருத்தியைப் பிள்ளை பார்க்க நிறுத்தி, அவளுக்கும் அதே கூலி கொடுக்க வேண்டும். ஏரி தூர்வாருகிற இடத்துக்குத் தோன்றிய யோசனை கல்லூரிக்குத் தோன்றவில்லை. பால்வாடியில் ரெண்டு வயசு ஆன பிள்ளையைத்தான் உட்கார வைப்பார்கள். கல்லூரி விட்டு பஸ் பிடித்து நாம் ஊர் வருவதற்குள் அதையும் பூட்டிவிடுவார்கள்.

எங்கள் தெருவில் இப்போது ரெண்டு பெண்கள் முதுகலை படிக்கிறார்கள். ஒருத்தி வரலாறு. அவள் பையனுக்கு ஒன்றரை வயசு, இன்னும் நடை தள்ளாடுகிறது. மாமியார் களையெடுக்கப் போகிற நாளில் அவள் வகுப்புக்குப் போவதில்லை. எந்தெந்த நாள் என்று பையனின் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். போன மாசம் எண்ணிப் பார்த்தோம், ஒன்பது கோடு.