ஏரி வாரியமும் நகரத்தின் தாகமும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற இடத்தில், பழையசீவரத்துக்கு எதிர்க்கரையிலுள்ள ஊருக்குத் திருமுக்கூடல் என்று பெயர். ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே நம் கண்ணுக்குத் தெரிவது மணலே. ஆயினும் அம்மணல் வெறும் மணலன்று. மழைக்காலத்து வெள்ளத்தை உள்வாங்கிக் கோடைக்கென்று காத்துவைக்கும் களஞ்சியம் அது. சென்னையின் தென்புறநகர் மக்கள் பல ஆண்டுகளாகப் பாலாற்றுப் படுகையின் நீரைக் குழாய் வழியே பெற்றுப் பருகி வந்துள்ளனர். அவர்களுள் எத்தனை பேர் இந்த ஆற்றைக் கண்டிருப்பர்?

நகரங்களின் வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் இயற்கையின் வழியிலேயே தீர்வு காண வேண்டும் என்று அறிஞர் உலகம் இந்நாளில் பேசுகிறது. சதுப்பு நிலங்களையும் ஏரிகளையும் ஆற்றங்கரைகளையும் உயிரோடு காத்தால் அவை நகரத்தைக் காக்கும் என்பதே அதன் சாரம். பெயர் புதிது, பொருள் நமக்குப் பழையது. அதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இங்கிருந்து தென்மேற்கே உத்திரமேரூருக்குச் சென்றால் போதும்.

அங்குள்ள வைரமேக தடாகம் பல்லவர் காலத்து ஏரி. அதில் தூர் எடுக்கவும் பராமரிக்கவும் ஊர்ச்சபை பொருள் ஒதுக்கிய செய்திகளைக் கல்வெட்டுகள் தருகின்றன. முதலாம் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பெயர் பெற்றவை. பள்ளிப் பாடநூல்கள் அவற்றைத் தேர்தலின் வரலாறாக மட்டுமே கற்பிக்கின்றன. எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை நாம் கேட்பதில்லை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அவ்வாறு தேர்ந்தவர்களில் பன்னிருவர் ஆண்டு வாரியத்தினர். பன்னிருவர் தோட்ட வாரியத்தினர். அறுவர் ஏரி வாரியத்தினர். அவர்களுக்குரிய காலம் முந்நூற்று அறுபது நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் ஓலையில் பெயரெழுதப்படத் தகுதியற்றவர். ஏரியையும் தோட்டத்தையும் பொதுச் சொத்தாகக் கருதிய சமூகமே இத்தகைய கடுமையான விதியை வகுக்க முடியும்.

ஆனால் இக்கல்வெட்டை வெறும் பெருமையாகப் படித்துவிட்டுப் போவது நேர்மையாகாது. அது அந்தணர் சபையின் ஏற்பாடு. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய ஆடவருக்கே அதில் இடமிருந்தது. ஏரியின் சேற்றில் இறங்கி மண் சுமந்தவர்களின் பெயர் அக்குடத்தில் விழவே இல்லை. அவர்களுடைய வழிமரபினர் பலர் இன்று நம் பங்குகளில் நம்மோடு திருப்பலிக்கு நிற்கின்றனர். ஆதலால் இது நமக்குத் தொலைவான வரலாறு அன்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் பாசனம் அரசுத் துறையின் பொறுப்பாயிற்று. குடிமராமத்து தளர்ந்தபோது, 1858இல் சென்னை மாகாணத்தில் சட்டம் இயற்றி மக்களின் உழைப்பைக் கட்டாயமாக்க முனைந்தனர். தங்களுடையது என்று எண்ணிச் செய்ததைத் தண்டனைக்கு அஞ்சிச் செய்யச் சொன்னால் அது எத்தனை நாள் நிற்கும்?

சென்னை நகரத்தின் கதை வேறு. 1920களில் மாம்பலம் ஏரியின் படுகையில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி மறைந்த இடத்தில் 1970களில் வள்ளுவர் கோட்டம் கட்டப்பட்டது. ஏரியைக் காணாமற் போக்கிய பிறகும் தெருப் பலகைகளில் ஏரியின் பெயரை வைத்திருக்கிறோம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியில் நகரத்தின் குப்பை மலையாகக் கொட்டப்பட்டது. 2015 டிசம்பரில் வெள்ளம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு வரிசையில் நின்ற மக்கள். நான்கே ஆண்டுகளில் ஒரே நகரம் இரண்டையும் கண்டது. எஞ்சிய பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது ஓர் ஆறுதல்.

இங்கே விவிலியத்தின் ஒரு பகுதி நம் சிந்தையில் எழுகிறது. அசீரியப் படையெடுப்பை எதிர்நோக்கிய எசேக்கியா மன்னன் கீகோன் ஊற்று நீரைப் பாறையைக் குடைந்து எருசலேமுக்குள் கொணர்ந்தான். அச்சுரங்கம் இன்றும் உள்ளது. வியக்கத்தக்க பணிதான். ஆயினும் எசாயா நூலின் 22ஆம் அதிகாரம் எருசலேமியரைக் கடிந்துகொள்கிறது: நீரைத் தேக்கினீர்கள், மதிலை வலுப்படுத்த வீடுகளை எண்ணி இடித்தீர்கள், ஆனால் இவற்றையெல்லாம் முன்பே உருவாக்கியவரை நோக்கவில்லை என்பது அதன் கருத்து. நீர்த்தேக்கத்தைப் பற்றிய பேச்சின் நடுவே இடிக்கப்பட்ட வீடுகளை இறைவாக்கினர் குறிப்பிடுவதை விளக்கவுரையாளர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். நாம் அவ்வாறு கடக்க இயலாது.

ஏனெனில் நீர்நிலைகளை மீட்கும் முயற்சி எங்கே தொடங்கினாலும் முதலில் இடிக்கப்படுவது ஏழையின் குடிசையே. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றுக் கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பல, தாம் வேலை செய்த இடத்துக்கு வெகுதொலைவிலுள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாக்கமோ சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. காஞ்சிபுரம் நகரினூடே கழிவுநீரைச் சுமந்து வரும் வேகவதியின் கரையிலும் இதே சிக்கல் உண்டு. அதே 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல், பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் தனித்தனியே கேட்க முடியாது என வலியுறுத்தியது. ஏரியை மீட்கும் குழுவில் கரையில் வாழ்ந்தவருக்கும் இருக்கை வேண்டும். உத்திரமேரூர் கற்பித்ததும் அதுவே, கற்பிக்கத் தவறியதும் அதுவே.

பாலாற்று மணலுக்கு மீண்டும் வருவோம். பல்லாண்டுகளாக அம்மணல் லாரி லாரியாக அள்ளப்பட்டு நகரத்துக் கட்டடங்களுக்குச் சென்றது. குடிக்கும் நீரைத் தாங்கி நின்ற மணலையே சுவராக்கி, அச்சுவருக்குள் இருந்து நகரம் தண்ணீருக்குத் தவித்தது. அண்மையில் பழையசீவரத்தில் ஆற்றின் குறுக்கே தடுப்பணை எழுப்பப்பட்டுள்ளது. நல்ல மழையில் அதில் நீர் தேங்குகிறது, சுற்றுவட்டாரக் கிணறுகள் ஊறுகின்றன. அதற்கும் ஒரு வாரியம் வேண்டும் என்பது நம் கருத்து. இம்முறை அந்தக் குடத்தில் எல்லார் ஓலையும் இருக்கட்டும். மணல் அள்ளியவரும் கணக்குக் காட்டட்டும்.