கணக்கெழுதியவர் செய்த பேஸ் கிடார்

நம் குடியிருப்பில் கிடார் பழகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பேஸ் கிடாரின் கதை என்னைப் போன்ற பி.காம். ஆட்களுக்குப் பிடித்துப்போகும். அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர் படித்தது கணக்கியல். கணக்கெழுதும் வேலை போனதும் 1938இல் கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். கிடார் வாசிக்கத் தெரியாதவர்!

அன்று பேஸ் என்றால் ஆளுயர டபுள் பேஸ்தான். தூக்கிப் போவது பெரும்பாடு. மற்ற வாத்தியங்களுக்கு நடுவே சத்தம் எடுபடாது. வீணையில் இருப்பது போல மெட்டுகள் கிடையாது, விரல் இம்மி பிசகினாலும் சுருதி விலகும். சியாட்டிலில் பால் டட்மார்க் 1930களிலேயே மெட்டு வைத்த மின்சார பேஸ் விற்றுப் பார்த்தார், ஓடவில்லை. 1951இல் ஃபெண்டரின் 'பிரிசிஷன் பேஸ்' ஓடியது. மரப்பலகை, அதில் திருகாணியால் முடுக்கிய கழுத்து, அவ்வளவுதான். வீட்டில் பேஸ் செய்கிறவர்கள் பலரும் இன்றும் அவருடைய 34 அங்குலத் தந்தி அளவையே வைக்கிறார்கள்.

உயிர்நாடி பிக்கப். காந்தத்தைச் சுற்றி முடியளவு மெல்லிய எனாமல் செப்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். 1937இலேயே மோட்டார் செய்த கோவைக்கு இந்த வித்தை புதிதா என்ன? பிள்ளைகள் வெளிநாட்டுப் பிக்கப் கேட்டால், முதலில் கணபதி பக்கம் ஒரு வைண்டிங் பட்டறைக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.