டூரினில் வரைந்தது, பெருங்களத்தூரில் செய்தது

மெட்ராஸில் ஒரு காலத்தில் இத்தாலிக்காரர் வடிவமைத்த கார் தயாரானது என்றால் இப்போது நம் கல்லூரியில் படிக்கும் தம்பிகள் நம்ப மறுக்கிறார்கள். நம்பத்தான் வேண்டும். பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நாங்கள் படித்த நாளில் பழங்காநத்தம் ரவுண்டானா பக்கம் ஒரு ஷெட்டில் ஒன்று நின்றது. பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் கவிழ, என்ஜின் முழுசாகத் தெரியும். கல்லூரி பஸ்ஸிலிருந்து மெக்கானிக்கல் பையன்கள் எட்டி எட்டிப் பார்ப்போம்.

வரைந்தவர் டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலோட்டி. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு ட்ரையம்ப் கம்பெனிக்காக அவர் வரைந்த ஹெரால்டு 1959-ல் வெளிவந்தது. அந்தக் கம்பெனிக்கு ஒரு தலைவலி. பாடி செய்துகொடுத்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு பாடியாக அடித்துத் தர ஆளில்லை. ஆகவே தனி சேஸிஸ், அதன்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டும் பாடி! அதே சேஸிஸைக் குறுக்கித்தான் 1962-ல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அதுவும் மிக்கெலோட்டி கைவண்ணமே.

இந்த போல்ட் பாடியால் அதிகம் பிழைத்தது நம்ம மெட்ராஸ் கம்பெனி என்பது என் கட்சி. 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, அம்பாசடர், ஃபியட் கம்பெனிகளுக்கு முன்னால் சின்னது. ஆலை பெருங்களத்தூரில். 1961-ல் 948 சி.சி. என்ஜினோடு ஹெரால்டை இறக்கினார்கள். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மாசி வீதிக்கு அளவெடுத்த மாதிரி! சோழவரம் பந்தயத்திலும் ஓடியது.

இங்கிலாந்தில் கடைசிவரை இரண்டு கதவுதான். பாட்டியையும் பேரனையும் ஏற்றிக்கொண்டு போகிற நம் ஜனங்களுக்கு அது சரிப்படவில்லை. மெட்ராஸ்காரர்கள் நாலு கதவு வைத்துவிட்டார்கள். நாலு கதவு ஹெரால்டு உலகில் வேறெங்கும் கிடையாது.

ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில். வேகமாக வளைத்தால் சக்கரம் உள்ளே மடங்கும். நம் மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவில்லை. 1972-ல் வந்த கெஸலில் அதைத் தூக்கிவிட்டு லைவ் ஆக்ஸில் பொருத்தினார்கள். லைசென்ஸில் வாங்கிய வரைபடத்தில் இப்படிக் கை வைக்கத் துணிச்சல் வேண்டும் சார்.

கெஸல் 1977-ஓடு நின்றது. அப்புறம் 1985-ல் ரோவர் பாடிக்குள் அரதப்பழசான என்ஜினை வைத்து ஸ்டாண்டர்டு 2000. இரவல் சட்டை! மாருதி வந்துவிட்ட சந்தையில் எடுபடுமா? 1988-ல் உற்பத்தி முடிந்தது.

மிச்சமிருக்கும் ஹெரால்டுகளுக்கு பானெட் துருப்பிடித்தால் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். நாலு கதவு வண்டியின் கதவுகள் அங்கே கிடைக்காது. நம்ம ஊர் டிங்கர்தான் தகட்டை வெட்டித் தட்டியெடுக்க வேண்டும்.