வளர்ச்சி குன்றல்

வயதுக்கேற்ற உயரமின்மை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் உயரம், உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சித் தரத்தின் இடைநிலை அளவைவிட இரண்டு திட்ட விலக்கத்துக்கு மேல் குறைந்தால் இவ்வாறு கொள்ளப்படும். ஊரகத் திட்டங்களின் பலனை மதிப்பிட இது முக்கிய அளவுகோல். வழங்கிய விதைக்கும் கடனுக்கும் கணக்குக் காட்டுவது எளிது. அதன் பலன் குழந்தையின் தட்டுக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. அதை அறிய எடை மட்டும் போதாது; ஒரு வாரம் வயிற்றுப்போக்கு வந்தாலே எடை இறங்கிவிடும். உயரமோ பல மாதப் பற்றாக்குறையின் பதிவு.

அளப்பது சுலபமல்ல. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பலகையில் படுக்கவைத்து, ஒருவர் தலையைப் பிடிக்க மற்றவர் முழங்காலை நீட்டி அளக்கவேண்டும். அழுது திமிறினால் ஒரு சென்டிமீட்டர் பிசகும். பிறந்த தேதி சரியாகத் தெரியாவிட்டால் அளந்தும் பயனில்லை.

இந்தியத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஊரகப் பகுதிகளில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதம் 2015-16இல் 41.2 சதவீதம், 2019-21இல் 37.3. மெதுவான முன்னேற்றமே. அதே காலத்தில் நாடு முழுதும் குழந்தைகளின் இரத்தசோகை 58.6 சதவீதத்திலிருந்து 67.1 ஆக உயர்ந்தது. ஆகவே வளர்ச்சி குன்றல் என்ற ஒற்றை எண்ணைக் கொண்டு ஊட்டச்சத்து நிலையை முடிவு செய்ய இயலாது.